செக்ரோல் பக்கங்களும் விசைப்பலகையும்: ஓர் ஆவணக் காட்டியில் குவியமும் உருட்டலும் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட், சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பின்னாளில் பால்மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. இந்த மாற்றங்களுக்கிடையே தோட்ட அலுவலகப் பதிவேடுகள் பல கைகள் மாறின. அவற்றுள் எஞ்சிய சில, ஓய்வுபெற்ற கிராணிமாரின் (தோட்ட எழுத்தர்களின்) வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, பெயர்களைத் தமிழில் எழுதி வைக்கும் பணியை ஊரில் ஒரு சிறு தன்னார்வக் குழு மேற்கொண்டு வருகிறது. தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் வேலை செய்தார் என்று தேடிவரும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்ப் பட்டியல்தான் முதல் தடயம்.

ஸ்கேன் செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி செக்ரோல் புத்தகங்கள். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் கொடுத்தவர் யார், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், கூலி எவ்வளவு என்பதைக் காட்டும் பதிவேடு அது. இடது ஓரத்தில் ஆங்கில எழுத்தில் பெயர். அதையடுத்து 1 முதல் 31 வரை நாட்களுக்கான கட்டங்கள். வலது கோடியில் கூட்டுத்தொகை. பக்கம் அகலமானது, எழுத்து பொடியானது. பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். பெரிதாக்கினாலோ பக்கம் திரையில் அடங்காமல் இரு திசையிலும் உருட்ட வேண்டியதாகிவிடும். பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த அகலமே காரணம் என்பதால் இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பக்கங்களைக் காட்டும் மென்பொருளை, முன்பு குழுவில் இருந்த ஒரு தன்னார்வலர் அமைத்துக் கொடுத்திருந்தார். மொசில்லாவின் திறமூல நிரலான பிடிஎஃப்.ஜேஎஸ் அதன் அடித்தளம். ஃபயர்பாக்ஸ் உலாவி 2013 இல் வெளிவந்த தன் 19ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப் கோப்புகளைக் காட்டப் பயன்படுத்துவதும் இதே நிரல்தான். ஆனால் அவர் அந்த நிரலிலிருந்து பக்கத்தை வரையும் பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டார். கருவிப்பட்டை, பக்க எண் பெட்டி, பெரிதாக்கும் பொத்தான்கள், பெயரைத் தட்டச்சு செய்யும் பக்கவாட்டுப் பலகை ஆகிய அனைத்தும் அவர் புதிதாக எழுதியவை. அந்தத் தெரிவில் தவறில்லை. ஆயினும் மூல நிரலின் முழுமையான காட்டி, விசைப்பலகைக்காகச் செய்து வைத்திருந்த ஏற்பாடுகள் இந்தப் புதிய காட்டிக்கு வந்து சேரவில்லை.

குழுவிடம் இருந்தவை நன்கொடையாக வந்த பழைய கணினிகள். அவற்றில் ஒன்று விண்டோஸ் 7 இல் இயங்கியது. அந்த இயங்குதளத்தில் குரோம் உலாவியின் 109ஆம் பதிப்புக்கு மேல் எதையும் நிறுவ முடியாது.

முறையீடு

பெயர்களைப் படித்துச் சொல்வதில் குழு பெரிதும் நம்பியிருந்தது, பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற, எழுபதைக் கடந்த ஒரு பெரியவரை. தேய்ந்துபோன கையெழுத்தையும் சுருக்கக் குறிகளையும் அவரைப் போல வேறு எவராலும் படிக்க முடியாது. கை நடுக்கம் காரணமாக அவரால் மவுஸைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்த இயலாது. ஆனால் பல்லாண்டுகள் தட்டச்சுப் பொறியில் பழகியவர் என்பதால் விசைப்பலகையில் விரல்கள் தவறுவதில்லை. முழு வேலையையும் விசைகளைக் கொண்டே செய்வது அவர் வழக்கம்.

அவர் சொன்ன குறை தெளிவானது, ஆனால் யாருக்கும் விளங்கவில்லை. சில நேரம் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் பக்கம் கீழே இறங்குகிறது. சில நேரம் அசையவே இல்லை. சில நேரம் எழுத்துகள் திரையை நிறைக்கும் அளவுக்குப் பெருத்துவிடுகின்றன. கீழ் அம்பை அழுத்தினால் முந்திய பக்கத்துக்குப் போய்விடுகிறது. “தம்பி, நான் அடிக்கிறது வேற எங்கயோ போவுது. லயத்துக்கு வந்த தபால தொர பங்களாவுல கொண்டுபோய்க் குடுத்த மாதிரி” என்றார். நோயறிதல் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

அதே காட்டியில் வேலை செய்த மற்றவர்களுக்கு இப்படி எதுவும் நேரவில்லை. ஆகவே அவருடைய கை நடுக்கத்தால் வேறு விசைகள் அழுந்துகின்றன என்றே முதலில் கருதப்பட்டது. வேறு விசைப்பலகை ஒன்று வாங்கித் தரப்பட்டது. எந்த மாற்றமும் இல்லை. நிரலைப் பார்த்துத் தரும்படி நான் அழைக்கப்பட்டது அதன் பிறகுதான்.

கவனித்தவை

பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் வழக்கம்போல வேலை செய்வதைப் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. ஒவ்வொரு விசைக்கும் முன்பு குவியம் எங்கே இருந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொண்டோம். உலாவியில் ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டுமே விசைப்பலகைக்குச் செவிசாய்க்கும். அந்த இடத்தைத்தான் குவியம் பெற்ற உறுப்பு என்கிறோம். டாக்குமென்ட்.ஆக்டிவ்எலிமென்ட் என்ற பண்பைக் கேட்டால் உலாவியே அதைச் சொல்லிவிடும். குரோமின் நிரலர் கருவியில் அந்தப் பண்பை நிலையாகப் பொருத்தி வைத்தால், குவியம் நகர நகர அதன் பெயர் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆவணம் திறந்தவுடன் குவியம் எந்த உறுப்பிலும் இல்லை. பக்கத்தின் உடல் பகுதியில் இருந்தது. காட்டியின் வடிவமைப்பில் அந்த உடல் பகுதி திரை உயரத்தோடு முடிந்துவிடும், உருளாது. உருள்வது அதற்குள்ளே இருந்த ஒரு பெட்டி. உருட்டும் விசை ஒன்றை அழுத்தினால், குவியம் பெற்ற உறுப்பிலிருந்து மேல்நோக்கிச் சென்று, முதலில் எதிர்ப்படும் உருளக்கூடிய பகுதியை உலாவி நகர்த்தும். உடல் பகுதியிலிருந்து மேலே போனால் உருளக்கூடியது எதுவுமே இல்லை. எனவே ஸ்பேஸ், பேஜ் டவுன், எண்ட், அம்புகள் எல்லாம் சத்தமின்றி வீணாயின.

பக்க எண் பெட்டியில் 47 என்று அடித்து என்டர் தட்டினால் 47ஆம் பக்கம் வந்தது. குவியம் மட்டும் பெட்டியிலேயே நின்றது. அந்தப் பெட்டி எண்களுக்கென்றே உள்ள வகையைச் சேர்ந்தது. அதில் கீழ் அம்பு எண்ணை ஒன்று குறைக்கும். எண் 46 ஆனதும் காட்டி விசுவாசமாக 46ஆம் பக்கத்துக்குப் போனது. பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்க்க நினைத்தவர் பின்னோக்கிப் போனதன் காரணம் இதுதான்.

பெரிதாக்கும் பொத்தானுக்கு டேப் விசையால் வந்து ஸ்பேஸ் தட்டினால் எழுத்து பெரிதாகும். குவியம் பொத்தானிலேயே இருக்கும். அடுத்த ஸ்பேஸைப் பெரியவர் பக்கத்தை இறக்குவதற்காக அடிக்கிறார். பொத்தானோ அது தனக்கு வந்ததென்று எடுத்துக்கொண்டு மேலும் பெரிதாக்குகிறது. பொத்தான் நடந்துகொண்ட விதம் முற்றிலும் முறையானது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். குவியத்தில் உள்ள பொத்தானை ஸ்பேஸும் என்டரும் இயக்க வேண்டும் என்பது இணையம் முழுவதற்கும் பொதுவான வழக்கம்.

இவற்றையெல்லாம் மோசமாக்கிய இன்னொன்று, குவியம் எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டவே இல்லை என்பது. உறுப்பைச் சுற்றி உலாவி இயல்பாக வரையும் கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று யாரோ ஒரே வரியில் நீக்கியிருந்தார்கள். இணையத் தளங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வரி அது. விசைப்பலகையை நம்பியிருப்பவரின் கண்ணைக் கட்டிவிடும் வரியும் அதுவே.

மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் திருத்தத்தில் இறங்குவதில்லை என்று குழு முடிவு செய்தது. அது நல்ல முடிவு. ஏனெனில் ‘எங்களுக்குச் சரியாகத்தானே வேலை செய்கிறது’ என்ற பேச்சு அங்கு அடிக்கடி எழுந்தது.

மவுஸின் உருளை, குவியத்தைப் பற்றி அக்கறை கொள்வதில்லை. சுட்டும் அம்பு எந்தப் பகுதியின் மேல் நிற்கிறதோ அதை உருட்டும். பக்கத்தின் மேல் அம்பு இருந்தால் பக்கம் உருளும், குவியம் எண் பெட்டியில் இருந்தாலும் சரி, பொத்தானில் இருந்தாலும் சரி. அதோடு, உருளும் பகுதிக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டால், அந்தப் பகுதி குவியம் பெற முடியாததாக இருந்தாலும்கூட, அதன்பின் வரும் உருட்டும் விசைகளை உலாவி அங்கேயே அனுப்புகிறது. மவுஸ் வைத்திருப்பவர் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கும்போதே அனிச்சையாக அதன்மேல் ஒரு கிளிக் செய்துவிடுகிறார். சிக்கலை அந்த ஒரு கிளிக் அவருக்குத் தெரியாமலேயே தீர்த்துவிடுகிறது. பெரியவர் கிளிக் செய்வதே இல்லை. அவருக்கு மட்டும் குறை தோன்றியதற்கு வேறு காரணம் இல்லை.

உலாவிக்கு உலாவி நடத்தை வேறுபட்டதும் குழப்பத்தைக் கூட்டியது. ஃபயர்பாக்ஸ் நெடுங்காலமாகவே உருளும் பகுதிகளை டேப் விசையால் சென்றடைய விடுகிறது. ஆகவே ஃபயர்பாக்ஸ் இருந்த கணினியில் பெரியவர் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகையில் சில வேளைகளில் தற்செயலாகப் பக்கத்தை அடைந்துவிடுவார். அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடக்கும். குரோம் இந்த வசதியை 2024 இல், 130ஆம் பதிப்பில்தான் கொண்டுவந்தது. அதுவும் உருளும் பகுதிக்குள் குவியம் பெறக்கூடிய வேறு உறுப்பு எதுவும் இல்லாதபோது மட்டுமே செல்லும். குழுவின் பக்கங்களிலோ, ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட பெயர்கள் இணைப்புகளாக மேலே பதிந்திருந்தன. எனவே புதிய கணினி வாங்கியிருந்தாலும் இந்தக் குறை தானாகத் தீர்ந்திருக்காது.

முதல் திருத்தமும் அதன் விளைவுகளும்

காரணம் முழுவதும் தெளிவாவதற்கு முன்பே ஓர் அவசரத் திருத்தம் காட்டியில் சேர்க்கப்பட்டிருந்தது. பெரியவரின் வேலை நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஈப்போவில் பணிபுரியும் ஓர் இளைஞர் அதைச் செய்து கொடுத்திருந்தார். குவியம் எங்கே இருந்தாலும் சரி, ஸ்பேஸ், அம்பு ஆகிய விசைகளைச் சாளர மட்டத்திலேயே பிடித்து, உலாவியின் இயல்பான செயலைத் தடுத்து, பக்கத்தைக் குறிப்பிட்ட தூரம் நகர்த்துவதே அந்த நிரல். சோதித்துப் பார்த்தபோது பக்கம் உருண்டது, பெரியவரும் மகிழ்ந்தார்.

சேதம் பக்கவாட்டுப் பலகையில் நடந்தது. பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டியில் ஸ்பேஸ் அடித்தால் இடைவெளி விழவில்லை. மாறாகப் பின்னால் இருந்த பக்கம் நகர்ந்தது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் வேகமாக அடித்துப் பழகியவர்கள் திரையைக் கவனிக்காமல் அடித்துக்கொண்டே போனார்கள். ‘முனியம்மா பெருமாள்’ என்று இருக்க வேண்டியது ‘முனியம்மாபெருமாள்’ என்று பதிவாயிற்று. தேடும்போது ‘பெருமாள்’ என்று கேட்டவருக்கு அந்தப் பதிவு அகப்படவில்லை. தகப்பன் பெயரைக் கொண்டே பெரும்பாலோர் தேடும் ஒரு பட்டியலில் இது சிறிய பிழை அன்று.

வேறு இரண்டு விளைவுகளும் இருந்தன. கருவிப்பட்டைப் பொத்தான்கள் ஸ்பேஸுக்கு இயங்காமல் போயின. அடுத்ததைப் பெரியவரே சுட்டிக்காட்டினார். உலாவி தன் இயல்பில் ஒரு திரை அளவு உருட்டும்போது, முந்தைய திரையின் கடைசிச் சில வரிகளை மேலே விட்டு வைக்கும். செக்ரோலில் வரிசை வரிசையாகப் பெயர் படிப்பவருக்கு, எங்கே விட்டோம் என்று கண் தேடிப் பிடிப்பது அந்த மிச்ச வரிகளைக் கொண்டுதான். நிரல் நகர்த்திய தூரமோ எழுத்தின் அளவு எதுவாயினும் ஒன்றாகவே இருந்தது. பெரிதாக்கிய நிலையில் அது வரிசையின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது.

இந்தத் திருத்தத்தை மேலும் செப்பனிடலாமா, அடியோடு நீக்கலாமா என்று பேசப்பட்டது. தட்டச்சுப் பெட்டிகளுக்கு விலக்கு அளிக்கலாம். பொத்தான்களுக்கு விலக்கு அளிக்கலாம். தேடல் பெட்டிக்கு, தேர்வுப் பட்டியலுக்கு என்று விலக்குகளின் வரிசை நீளும். உருட்டும் தூரத்தையும் மென்மையையும் உலாவியைப் போலவே கணக்கிட்டு எழுத வேண்டும். உலாவி ஏற்கெனவே செம்மையாகச் செய்கிற ஒரு வேலையை, அதைவிடக் குறைவாகச் செய்யும் நிரலை எழுதிப் பராமரிப்பதாக அது முடியும். குறை உருட்டலில் இல்லை, குவியம் தவறான இடத்தில் நிற்பதில் இருக்கிறது என்பதால், திருத்தமும் குவியத்தில்தான் இருக்க வேண்டும் என்று குழு ஒப்புக்கொண்டது. அவசரத் திருத்தம் நீக்கப்பட்டது. மாற்று ஆயத்தமாகும்வரை பெரியவர் ஃபயர்பாக்ஸில், டேப் விசையின் துணையோடு வேலை செய்தார்.

குவியத்தை உரிய இடத்தில் வைத்தல்

முதலில், பக்கங்கள் உருளும் பெட்டிக்கு டேப்இன்டெக்ஸ் மதிப்பு 0 தரப்பட்டது. இதனால் எந்த உலாவியிலும் டேப் விசையால் அதை அடைய முடியும். நிரலாலும் அதற்குக் குவியத்தைக் கொடுக்க முடியும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக ‘ஆவணப் பக்கங்கள்’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆவணம் திறந்து முதல் பக்கம் வரையப்பட்டதும் குவியம் அந்தப் பெட்டிக்குப் போகும்படி செய்யப்பட்டது. நீக்கப்பட்டிருந்த சுற்றுக்கோடு திரும்பக் கொண்டுவரப்பட்டது. குவியம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகுதிறன் வழிகாட்டி 2008 இலேயே 2.4.7ஆம் விதியாக வைத்திருக்கிறது. சிலருக்கு அந்தக் கோடு உறுத்தலாக இருந்தது. மவுஸால் பொத்தான்களை அழுத்துபவருக்குக் கோடு தோன்றாமலும், விசைகளால் நகர்பவருக்குத் தோன்றியும் இருக்குமாறு ஃபோகஸ்-விசிபிள் என்ற பாணித் தேர்வியைக் கொண்டு அந்த முணுமுணுப்பு அடக்கப்பட்டது.

பக்க எண் பெட்டி, எண் வகையிலிருந்து சாதாரண எழுத்துப் பெட்டியாக மாற்றப்பட்டது. கீழ் அம்பு பின்னோக்கி இழுத்துச் செல்வது அதோடு நின்றது.

என்டர் தட்டிய பிறகு குவியம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு வந்தது. பெரியவர் ஒரு பக்க எண்ணை அடிப்பது அந்தப் பக்கத்தைப் படிப்பதற்காக. அவருக்குக் குவியம் உடனே பக்கத்துக்குப் போவதே சரி. பட்டியலைச் சரிபார்க்கும் பெண்ணோ அடுத்தடுத்துப் பல எண்களை அடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகிறவர்; ஒவ்வொரு முறையும் குவியம் பெட்டியை விட்டு ஓடினால் அவர் வேலை இரட்டிப்பாகும். “ஐயாவுக்குச் சரியாக்கப்போய் எனக்குக் கெடுத்துவிடாதீர்கள், அண்ணா” என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இறுதியில் குவியத்தைப் பக்கத்துக்கு அனுப்புவதென்றும், எண் பெட்டிக்குத் திரும்ப கண்ட்ரோல், ஆல்ட், ஜி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தலாம் என்றும், திரும்பியதும் பழைய எண் முழுவதும் தெரிவாகி இருக்கும் என்றும் முடிவாயிற்று. அந்தக் கூட்டு விசை பிடிஎஃப்.ஜேஎஸ் காட்டியில் ஏற்கெனவே இதே வேலைக்கு உள்ளது; புதிதாக ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை. ஒற்றை எழுத்து விசை எதையும் குறுக்குவழியாக வைக்கவில்லை. விரல் நடுங்குபவரிடம் ஓர் எழுத்து தவறி அழுந்துவது எளிது. வழிகாட்டியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 2.1.4ஆம் விதியும் அத்தகைய குறுக்குவழிகளை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும் என்கிறது.

பெரிதாக்கும் பொத்தானின் நிலை வேறு. அதை ஒருமுறை அழுத்தியதும் குவியத்தைப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், இன்னும் ஒரு படி பெரிதாக்க விரும்புபவர் மறுபடி டேப் விசையைத் தட்டிக்கொண்டு வர வேண்டும். ஆகவே அங்கே குவியம் அசையாமல் விடப்பட்டது. அதற்குப் பதிலாக, பிடிஎஃப்.ஜேஎஸ் காட்டியின் மூல நிரலில் இருந்த ஓர் உத்தி கடன் வாங்கப்பட்டது. குவியம் பக்கப் பெட்டிக்கு வெளியே, தட்டச்சுப் பெட்டி அல்லாத ஓர் இடத்தில் இருக்கும்போது, பேஜ் டவுன், பேஜ் அப், ஹோம், எண்ட், அம்பு ஆகியவற்றில் ஒன்று அழுத்தப்பட்டால், நிரல் குவியத்தைப் பக்கப் பெட்டிக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உருட்டும் வேலையை உலாவியே தன் இயல்பில் செய்யும். ஸ்பேஸ் விசைக்கும் இதே ஏற்பாடுதான், குவியம் பொத்தானில் இருக்கும்போது தவிர. பொத்தானில் ஸ்பேஸ் பொத்தானுக்கே உரியது. இளைஞர் எழுதிய திருத்தத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் சில வரிகள்தான். அது விசையைப் பறித்துக்கொண்டது. இது விசை போக வேண்டிய வழியைத் திறந்துவிட்டு நிற்கிறது.

பெரிதாக்கிய பின் ஸ்பேஸுக்குப் பதில் பேஜ் டவுன் விசையைத் தட்டும்படி பெரியவரிடம் சொல்லப்பட்டது. அவருக்கு அது சிரமமாகத் தோன்றவில்லை. கோடு எங்கே இருக்கிறதென்று இப்போது தெரிவதால், பொத்தானைச் சுற்றிக் கோடு இருந்தால் ஸ்பேஸை அவரே தவிர்த்துவிடுகிறார்.

இடது, வலது அம்புகள்

செக்ரோல் பக்கத்தின் அகலம் இங்கே குறுக்கே வந்தது. பல காட்டிகளில், பக்கம் திரையின் அகலத்துக்குள் அடங்கியிருந்தால் வலது அம்பு அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்லும். அடங்காமல் இருந்தால் வலப்புறம் உருட்டும். புத்தகம் படிப்பவருக்கு இது வசதி. ஒரு வரிசையில் 31 கட்டங்களையும் கடந்து கூட்டுத்தொகைக்குப் போகிறவருக்கு இது பொறி. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கிய நிலையில் வலது அம்பை அழுத்தினால், கட்டம் நகரும் என்று எதிர்பார்த்தவர் முன் வேறொரு மாதத்தின் பக்கம் வந்து நிற்கும். இரண்டு மாதங்களின் செக்ரோல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயர்களின் வரிசையும் பெரும்பாலும் மாறாது. பக்கம் மாறியதே தெரியாமல் அடுத்த மாதத்தின் தொகையை இந்த மாதத்துக்கு எழுதிவிட வாய்ப்பு உண்டு.

காட்டியில் இந்தப் பக்கம் மாற்றும் நடத்தை இருந்தது. அதை நீக்கும்படி பெரியவர் கேட்டுக்கொண்டார், மறுப்பு எழவில்லை. இப்போது இடது, வலது அம்புகள் உருட்டுவதோடு சரி. உருட்ட இடமில்லையென்றால் ஒன்றும் நடக்காது. எதுவும் நடக்காமல் இருப்பதும் சில இடங்களில் சரியான விடையே என்பது என் கருத்து.

பக்கங்கள் நீக்கப்படும்போது

இவ்வளவுக்குப் பிறகும் ‘சில நேரம்’ என்ற குறை முழுதாக ஒழியவில்லை. நீண்ட நேரம் உருட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு பக்கத்தில் திடீரென விசைகள் செத்துப்போயின. பழைய கணினியின் நினைவகத்தைக் காப்பதற்காக, திரையிலிருந்து வெகுதூரம் விலகிய பக்கங்களைக் காட்டி நீக்கிவிடுவதும், அருகில் வரும்போது மீண்டும் வரைவதும் வழக்கம். பெரியவர் ஒரு பெயர் இணைப்பை டேப் விசையால் அடைந்து, அதைச் சரிபார்த்துவிட்டு, அங்கிருந்தே பேஜ் டவுன் விசையால் கீழே போவார். குவியம் இன்னும் அந்த இணைப்பில்தான் இருக்கும். அந்த இணைப்பு இருந்த பக்கம் நீக்கப்பட்டதும் குவியம் நிற்க இடமின்றி உடல் பகுதிக்குத் திரும்பிவிடும். கதை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

எத்தனை பக்கம் தள்ளி இது நிகழும் என்பது எழுத்தின் அளவைப் பொறுத்து மாறியதால், வேண்டும்போது இதை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவது எளிதாக இல்லை. குவியத்தின் பெயர் மாறுவதைத் திரையில் பொருத்தி வைத்திருந்ததால்தான், இணைப்பின் பெயர் மறைந்து உடல் பகுதியின் பெயர் வந்த கணம் பிடிபட்டது. திருத்தம் சிறியது: ஒரு பக்கத்தை நீக்குமுன் குவியம் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பக்கப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, அதன்பின் நீக்குவது. குவியத்தை மாற்றும்போது உருட்டலைத் தூண்டாதே என்ற குறிப்பும் உடன் கொடுக்கப்பட்டது. குவியம் பெறும் உறுப்பைக் கண்பார்வைக்குக் கொண்டுவர உலாவி தானாகவே உருட்ட முயலும் என்பதால், படித்துக்கொண்டிருக்கும் வரி நழுவ இடம் தரக் கூடாது.

குழுவின் முகப்புத் தளத்தில் காட்டி ஒரு ஐஃப்ரேமுக்குள் பதிக்கப்பட்டிருந்ததும் மாற்றப்பட்டது. ஐஃப்ரேம் என்பது தனக்கென்று குவியம் உடைய தனி ஆவணம். வெளியே நிகழும் விசை அழுத்தம் உள்ளே போகாது, உள்ளே நிகழ்வது வெளியே வராது. ஆவணங்கள் இப்போது காட்டியின் சொந்தப் பக்கத்திலேயே திறக்கின்றன.

விளைவு

பெரியவர் குரோமுக்குத் திரும்பி, பாதியில் நின்றிருந்த புத்தகத்தை முடித்தார். பக்கம் நகராத குறையோ, பின்னோக்கிப் போகும் குறையோ அதன்பின் அவரிடமிருந்து வரவில்லை. பட்டியலைச் சரிபார்க்கும் பெண் சில நாட்கள் எரிச்சலோடு இருந்தார். கூட்டு விசை பழகியதும் மவுஸுக்குக் கை போவது தனக்கும் குறைந்துவிட்டதாகச் சொன்னார்.

ஒட்டிக்கொண்ட பெயர்களைப் பிரிப்பதுதான் நீண்ட வேலையாயிற்று. நிரலால் பிரித்துவிடலாமா என்று பார்க்கப்பட்டது. எந்த எழுத்தோடு மகள் பெயர் முடிந்து தகப்பன் பெயர் தொடங்குகிறது என்பதை நிரலால் உறுதியாகச் சொல்ல முடியாத பெயர்கள் மிகுதி. ‘இராமசாமி’ என்பதை ஒரே பெயராக விட வேண்டுமா, இரண்டாகப் பிரிக்க வேண்டுமா என்பதே பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே அவசரத் திருத்தம் இயங்கிய காலத்தில் சேர்ந்த பதிவுகளைத் தனியே எடுத்து, ஸ்கேன் பக்கங்களோடு ஒப்பிட்டுக் கையாலேயே பிரித்தார்கள்.

மாற்றிக்கொண்டவையும் எஞ்சியிருப்பவையும்

காட்டியில் எந்த மாற்றம் செய்தாலும், மவுஸைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு ஒரு முழுப் பக்கத்தைப் பெயர்த்தெழுதிப் பார்த்த பிறகே அதை மற்றவர்களுக்குத் தருவது என்று குழு வழக்கமாக்கியுள்ளது. ஆவணத்தைத் திறப்பது, பக்க எண் அடிப்பது, பெரிதாக்குவது, பெயர் இணைப்பிலிருந்து நெடுந்தூரம் உருட்டுவது, பலகையில் இடைவெளியோடு ஒரு பெயரை அடிப்பது ஆகியவை அந்தச் சோதனையில் கட்டாயம் இடம்பெறும். அவசரத் திருத்தங்கள் அனைத்தும் தேதியோடு குறித்து வைக்கப்படுகின்றன. கெட்டுப்போன பதிவுகளை எந்த நாளிலிருந்து தேடுவது என்று இந்த முறை தெரியாமல் தவித்தது அதற்குக் காரணம்.

ஒருவர் குறை சொல்லும்போது அவருடைய உடல்நிலையைக் காரணமாக எடுத்துக்கொள்வதற்கு முன், அவர் செய்வதை அருகிலிருந்து பார்ப்பது என்பதும் ஏற்கப்பட்டது. இது எழுத்தில் இல்லை. ஆனால் விசைப்பலகை வாங்கிய செலவைப் பேச்சில் யாராவது எடுத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

தேடல் முடிவுகளின் பட்டியல் மட்டும் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. ஒரு பெயரைத் தேடி, வந்த முடிவுகளில் ஒன்றை என்டர் தட்டித் திறந்தால், குவியம் பக்கத்துக்குப் போக வேண்டுமா, அடுத்த முடிவைப் பார்ப்பதற்கு வசதியாகப் பட்டியலிலேயே நிற்க வேண்டுமா என்பதில் பெரியவரும் பட்டியலைச் சரிபார்ப்பவரும் மீண்டும் எதிரெதிராக நிற்கிறார்கள். இப்போதைக்குக் குவியம் பட்டியலிலேயே நிற்கிறது. பட்டியலில் மேல், கீழ் அம்புகள் முடிவுகளுக்கிடையே நகரப் பயன்படுவதால், பேஜ் டவுன் அழுத்தினால் மட்டும் பக்கத்துக்குப் போகிறது. அடுத்த புத்தகத்தைப் பெயர்த்தெழுதும்போது இருவரும் இதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.